மெட்டாலிகாவும் என் இடது காதும்

டிஸ்கி: மெட்டல்னா காட்டுக்கத்தல்னு நினைக்கிறவங்களும் தாராளமா படிக்கலாம், கிடார் பத்தி எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். மெட்டாலிகாவை ஒரு வார்த்தை சொன்னா அருவாளைத் தூக்கிட்டு கிளம்புற சிங்கங்கள் மட்டும் ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டு வரவும் :-)

போன வாரம் செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் வந்துக்கிட்டிருந்தேன். பக்கத்து சீட்டில் புதுசா சேர்ந்திருக்கிற அப்ரண்டிஸ் பையன். தேன்கனிக்கோட்டைப் பக்கம். காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "அண்ணா, நீங்க மெட்டல் எல்லாம் கேப்பீங்களாமே, இதைக் கேளுங்க."

லப் டப், லப் டப் என்று ஒரு இதயத் துடிப்பு. ரெண்டே செகண்டில் தெரிந்துவிட்டது. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்', முதல் பாட்டு. அந்தத் துடிப்புக்கு அப்புறம் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம்.

"என்னா சவுண்டுண்ணா!" என்றான் பையன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு. தம்பி, அந்த சவுண்டுதான்டா பிரச்சினையே.

கொஞ்சம் பின்னாடி போவோம். நான் ஓசூர்க்காரன். எங்க தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எங்க வீட்டில் தமிழ். அதனால புரியாத பாஷையில் பாட்டுக் கேட்பது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஐ.டி.ஐ. படிக்கும்போது பெங்களூரில் இருந்து ஒரு நண்பன் கொண்டுவந்த கேசட்டில்தான் மெட்டாலிகா எனக்கு அறிமுகம். 1991-ல் வந்த அந்தக் கருப்பு அட்டை ஆல்பம். அங்கிருந்து பின்னாடியே போய் 1986-ன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 1984-ன் 'ரைட் தி லைட்னிங்' எல்லாம் தேடிப் பிடித்துக் கேட்டு, அதுக்கப்புறம் வீட்டில் என்னை உருப்பட்ட கணக்கில் சேர்க்கவில்லை.

2003-ல் 'செயின்ட் ஆங்கர்' வந்தது. கிடார் சோலோவே கிடையாது. ஸ்னேர் டிரம் சத்தம் தகர டின்னைக் கரண்டியால் தட்டின மாதிரி. எங்க செட்டில் பாதிப் பேர் அன்றைக்கே மெட்டாலிகாவுக்குக் காரியம் பண்ணி முடித்துவிட்டார்கள். நான் பண்ணவில்லை. அஞ்சு வருஷம் காத்திருந்தேன்.

2008 செப்டம்பர் 12. 'டெத் மேக்னடிக்' வெளியானது. அடுத்த வாரமே பெங்களூரு பிரிகேட் ரோட்டில் ஒரு கடையில் நானூறு ரூபாய் சொச்சம் கொடுத்து ஒரிஜினல் சி.டி. வாங்கினேன். அப்போது என் சம்பளத்துக்கு அது கொஞ்சம் திமிரான செலவுதான். அத்திப்பள்ளி தாண்டுறதுக்குள் அட்டையைப் பிரித்துப் பாடல் வரிகளையெல்லாம் படித்தாகிவிட்டது.

சரி, ஆல்பம் எப்படி? இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். பாட்டுன்னு பார்த்தா, 1991-க்கு அப்புறம் அவங்க போட்டதில் இதுதான் பெஸ்ட். என்னோட சண்டை பாட்டோடு இல்லை.

பத்துப் பாட்டு, கிட்டத்தட்ட 75 நிமிஷம். பாப் ராக்கை விட்டுவிட்டு ரிக் ரூபினைத் தயாரிப்பாளராகப் பிடித்தார்கள். பேஸ் கிடாரில் ராபர்ட் ட்ருஹியோவுக்கு மெட்டாலிகாவில் முதல் ஸ்டூடியோ ஆல்பம். கிர்க் ஹாமெட் அஞ்சு வருஷம் அடக்கிவைத்த சோலோவையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். 'ஆல் நைட்மேர் லாங்' இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். 'தி டே தட் நெவர் கம்ஸ்' மெதுவா ஆரம்பித்து, பாதியில் கியர் மாறி, கடைசி ரெண்டு மூணு நிமிஷம் கிடார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். 'சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்' பாட்டே இல்லாமல் பத்து நிமிஷம் வெறும் வாத்தியம். ஸ்டூடியோ ஆல்பத்தில் இப்படி ஒன்றை அவங்க கடைசியா செய்தது 1988-ல்.

இதையெல்லாம் நான் எப்படிக் கேட்டேன்னு நினைக்கிறீங்க? கரகரப்புக்கு நடுவில்.

முதல் தடவை போட்டபோதே என்னமோ உறுத்தியது. டிரம் அடி விழும் இடத்திலெல்லாம் ஒரு 'க்ரக்', கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி. முதலில் ஸ்பீக்கர் மேல் பழி போட்டேன். ஒயரை மாற்றினேன். ஹெட்ஃபோன் புதுசு வாங்கினேன். அதிலும் அதே கரகரப்பு. பழைய சி.டி.க்கள் எல்லாம் சுத்தமாகத்தான் பாடின. ஆனாலும் மனசு என்ன நினைக்கும்? உலகத்தின் பெரிய இசைக்குழு, கோடிக்கணக்கில் செலவு, அவங்க சி.டி.யிலா தப்பு இருக்கும்? தப்பு என் காதில்தான் இருக்கணும்.

இப்படி நினைக்க எனக்குக் காரணமும் இருந்தது. அப்போது நான் சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். பவர் பிரஸ் தெரியும் இல்லையா? தகட்டை வைத்து பெடலை மிதித்தால் டன் கணக்கில் ஒரு அடி. ஒரு ஷெட்டுக்குள் வரிசையாப் பதினாலு மெஷின். எட்டு மணி நேரம். ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. ஒருமுறை ஆடிட்டுக்கு வந்தவங்க மீட்டர் வைத்தபோது 98 டெசிபல் காட்டியது. நம்ம ஊர் தொழிற்சாலை விதிகளில் அப்போது எட்டு மணி நேரத்துக்கு வரம்பு 90. எட்டுதானே கூட என்று நினைக்காதீங்க. டெசிபல் கணக்கில் மூணு ஏறினாலே சத்தத்தின் சக்தி ரெண்டு மடங்கு. எட்டு ஏறினால் ஆறு மடங்குக்கு மேல்.

இயர் பிளக் கொடுத்தாங்களா? ஆடிட் அன்றைக்குக் கொடுத்தாங்க. மற்ற நாளில் கேட்டால் சூப்பர்வைசர் ஒரே பதில்தான் சொல்வார். "பிரஸ் ஷாப்னா சத்தம் இருக்கத்தான்பா செய்யும்."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. மறுபடி வரும்.

பயந்துபோய் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னாங்க. வெளியே வந்தபோது டாக்டர் ஒரு பேப்பரைக் காட்டினார். கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸில் குழியில் விழுந்த மாதிரி இறங்கி மறுபடி ஏறியிருந்தது. இடது காதில் குழி இன்னும் ஆழம். சத்தத்தில் வேலை செய்யறவங்களுக்கு முதலில் அடிவாங்குவது அந்த இடம்தான் என்றார். உள்காதில் மயிர் மாதிரி இருக்கும் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது என்றார். "இனிமே காப்பாத்திக்கோங்க. போனது போனதுதான்."

அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொழிலால் வரும் நோய்களின் பட்டியல். ஈய விஷம், நுரையீரலில் படியும் சிலிக்கா தூசு இவற்றோடு சத்தத்தால் வரும் காது மந்தத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். அது எனக்குத் தெரியவந்தபோது நான் அந்தக் கம்பெனியை விட்டே போய்விட்டேன்.

ஆனா டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் இங்கே முக்கியம். "உங்களுக்கு வந்திருக்கிற குறையில் பாட்டு மங்கலாகக் கேட்கலாம், உச்ச சத்தங்கள் தேயலாம். ஒரு சி.டி.யில் மட்டும் கரகரன்னு கேட்காது. அந்த சி.டி.யை மாத்திப் பாருங்க."

மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க அதே சி.டி.தான். அந்த நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. 'கிடார் ஹீரோ' என்று ஒரு வீடியோ கேம். அதில் விளையாடுவதற்காக இந்த ஆல்பம் முழுசையும் கொடுத்திருந்தார்கள். கேமுக்கு கிடார் தனி, பேஸ் தனி, டிரம்ஸ் தனி என்று தடம் தடமாக வேண்டும் என்பதால், கடைசியாக நசுக்குவதற்கு முன்னால் இருந்த ஒலிதான் அங்கே போயிருந்தது. ரசிகர்கள் அதைப் பதிவு செய்து சி.டி.யோடு ஒப்பிட்டார்கள். கேமில் டிரம் அடி டிரம் அடியாக இருந்தது. சி.டி.யில் கூழாக இருந்தது.

நானும் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டியில் போட்டுப் பார்த்தேன். நம்ம மாவட்டத்து ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். ஒரு பாட்டின் ஒலி அலையைத் திரையில் பார்த்தால் மலைத்தொடர் மாதிரி இருக்கும். சில இடம் குன்று, சில இடம் சிகரம், நடுவில் பள்ளத்தாக்கு. 'டெத் மேக்னடிக்' சி.டி. அலையோ கிரானைட் குவாரிக்காரன் புகுந்த மலை. உச்சியெல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டித் தட்டையாகக் கிடக்கிறது. பள்ளத்தாக்குகளை மண் போட்டு நிரப்பியாச்சு.

ஏன் இப்படி ஆகுது? சி.டி.க்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டி ஒரு துளிகூட சத்தம் ஏற முடியாது, அது கூரை. கூரைக்குக் கீழே அமைதிக்கும் ஆரவாரத்துக்கும் நடுவில் 96 டெசிபல் வரை இடம் இருக்கு, ஒரு மாளிகையே கட்டலாம். ஆனா தொண்ணூறுகளில் இருந்து கம்பெனிகளுக்குள் ஒரு போட்டி. பக்கத்து சி.டி.யைவிட நம்ம சி.டி. சத்தமாக இருக்கணும். அதுக்கு என்ன வழி? சின்ன சத்தத்தையெல்லாம் தூக்கி மேலே கொண்டுவா, கூரையில் முட்டுற சிகரத்தை வெட்டு. வெட்டின இடத்தில்தான் அந்த 'க்ரக்'. ஒரு பாட்டில் ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்குன்னு அளக்க ஒரு இலவச மீட்டர் கிடைக்குது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பழைய சி.டி. அதில் 10-க்கு மேல் எடுக்கும். 'டெத் மேக்னடிக்' எடுத்தது 3. பரீட்சையில் எடுத்தா வீட்டில் செருப்படி விழும் மார்க்.

ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதிய பதிலும் வெளியே வந்தது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் என்ன சொன்னார்? காரில் போட்டுக் கேட்டாராம், அருமையா இருந்ததாம். சார், உங்க காரில் இருக்கும் சார். இங்கே 2009-ல் கிராமி வேற. 'மை அபோகலிப்ஸ்' பாட்டுக்கு ஒன்று, ரூபினுக்குச் சிறந்த தயாரிப்பாளர் என்று ஒன்று, அட்டை வடிவமைப்புக்கு ஒன்று. அட்டை நல்லாத்தான் இருக்கு. அதில் ஒரு சவப்பெட்டி. உள்ளே புதைச்சது டிரம்ஸை.

இதில் கொடுமை என்னன்னா, அதே லார்ஸுக்குப் பல வருஷமா டின்னிடஸ். காதுக்குள் ஓயாத ரீங்காரம். அதைப் பற்றிப் பொதுவெளியில் பேசி, இளசுகளைக் காது அடைப்பான் போடச் சொன்னவர். காதோட அருமை தெரிஞ்ச மனுஷன்.

இப்போ நம்மாளுங்க வழக்கமாகச் சொல்ற சமாதானங்களுக்கு வருவோம்.

ஒன்று: "மெட்டல்னா சத்தமாத்தான் மச்சா இருக்கும்." இந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம்? பிரஸ் ஷாப்னா சத்தம் இருக்கத்தான்பா செய்யும். அதே குரல், அதே அலட்சியம். ஐயா, எனக்கு சத்தம் வேண்டும் என்றால் வால்யூம் பட்டன் என் கையில் இருக்கு. ஏற்றிக்கொள்வது என் உரிமை. நசுக்கின பாட்டில் ஏற்றினாலும் இறக்கினாலும் நசுங்கினதுதான் கிடைக்கும். தவில்காரர் விடாமல் ஒரே பலத்தில் அடித்துக்கொண்டிருந்தால் கல்யாண வீட்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க? அவர் ஒரு நொடி கையை எடுத்துவிட்டு அடிக்கிறார் பாருங்க, அந்த அடிதான் நெஞ்சில் இறங்கும். பிரஸ் மெஷின்கூட ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு விடும். இந்த ஆல்பம் விடாது.

இரண்டு: "பாட்டு நல்லா இருந்தா போதாதா?" பாட்டு நல்லா இருக்கிறதாலதான் சாமி வயித்தெரிச்சல். மொக்கை ஆல்பமா இருந்தா யார் பதினேழு வருஷத்துக்கு மேல் புலம்பப்போறாங்க? பிரியாணி சூப்பர், உப்புதான் ஒரு கிலோ என்றால் யாரும் "பாராட்டுக்கள்" சொல்லமாட்டாங்க.

மூணு: "அது அவங்களோட கலைச் சுதந்திரம். 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் பேஸ் கிடாரே கேட்காது, அதையும் மாத்தச் சொல்வியா?" நல்ல கேள்வி. 1988-ல் ஜேசன் நியூஸ்டெடின் பேஸைக் கீழே தள்ளினது கொடுமைதான். ஆனா அது ஒரு முடிவு. எது முன்னாடி, எது பின்னாடி என்று அவங்க தேர்ந்தெடுத்தது. 2018-ல் மறுபடி மெருகேற்றி வெளியிட்டபோதும் அப்படியே விட்டாங்க, சரித்திரம்னு விட்டாங்க, ஒத்துக்கறேன். அலையின் உச்சி வெட்டுப்பட்டு வர்ற கரகரப்பை யாரும் இசையமைக்கவில்லை. அந்த 'க்ரக்'கை எந்த வாத்தியத்தில் யார் வாசிச்சாங்கன்னு சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

நாலு: "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." பொய். 2006-ல் அயர்ன் மெய்டன் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' போட்டபோது, ஸ்டூடியோவில் கேட்ட மாதிரியே இருக்கட்டும் என்று ஸ்டீவ் ஹாரிஸ் மாஸ்டரிங்கே வேண்டாம்னுட்டார். சிகரம் சிகரமா, பள்ளம் பள்ளமா அப்படியே வந்தது. கடையில் மற்ற சி.டி.யைவிட சத்தம் கொஞ்சம் கம்மி. யாராவது செத்தாங்களா? 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அதே ஆல்பத்துப் பாட்டுகளை அவங்க வாசிச்சபோது நானும் அந்தப் புழுதிக்குள் இருந்தேன். இந்தியாவில் அவங்களோட முதல் கச்சேரி. ஓசூருக்கு பஸ் இல்லாமல் விடியற வரைக்கும் மெஜஸ்டிக்கில் உட்கார்ந்திருந்ததெல்லாம் தனிக் கதை.

மெட்டாலிகாவையும் நேரில் பார்த்தாச்சு. 2011 அக்டோபர் 30, அதே பேலஸ் கிரவுண்ட்ஸ். ரெண்டு நாள் முன்னாடி குர்கானில் கச்சேரி ரத்தாகி ரகளை ஆனதால், இங்கேயாவது நடக்குமான்னு வயித்தில் புளியைக் கரைச்சுது. நடந்தது. நான் மஞ்சள் நுரை பிளக்கை ரெண்டு காதிலும் அடைச்சுக்கிட்டுத்தான் நின்றேன். பக்கத்தில் இருந்த பெங்களூர்ப் பசங்க "ஏனு குரு இது" என்று சிரிச்சாங்க. சிரிக்கட்டும். பிளக்கைத் தாண்டியும் ஒவ்வொரு அடியும் தனித்தனியா வந்து விழுந்தது. அன்றைக்கு எனக்கு உறுதியானது. இவங்களுக்கு வாசிக்கத் தெரியும். அந்த சி.டி.தான் மறைச்சுது.

இன்றைக்கு நிலைமை இன்னும் வேடிக்கை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் அதிக சத்தமா வர்ற பாட்டைத் தாங்களே குறைச்சு மற்ற பாட்டுகளோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துடுறாங்க. அதாவது எந்தப் பந்தயத்துக்காக டிரம்ஸைக் கொன்றார்களோ, அந்தப் பந்தயமே முடிஞ்சுபோச்சு. இப்போ 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டுக்குப் பக்கத்தில் 'டெத் மேக்னடிக்' பாட்டைப் போட்டுப் பாருங்க. சத்தம் ரெண்டும் ஒன்று. பழசு முட்டி மோதும், புதுசு சப்பையாக் கிடக்கும். 2015-ல் ஐடியூன்ஸுக்கு ஒரு பதிப்பு விட்டாங்க, சி.டி.க்கு அது கொஞ்சம் தேவலை. ஆனா உடைஞ்ச பானைக்குச் சாந்து பூசின கதைதான்.

அதனால என் கோரிக்கை ஒன்றே ஒன்று. மெட்டாலிகா தங்களோட பழைய ஆல்பங்களை வரிசையா, பெரிய பெட்டியில் போட்டு வெளியிட்டுக்கிட்டு வர்றாங்க. 2025-ல் 'லோட்' வரைக்கும் வந்தாச்சு. என்றைக்காவது 'டெத் மேக்னடிக்' முறை வரும். அன்றைக்கு வெறும் ரீமாஸ்டர் என்று பாலீஷ் போட்டு ஏமாற்றாதீங்க. ஒலிப்பதிவு செய்த தடங்களை எடுத்து முதலில் இருந்து மிக்ஸ் பண்ணுங்க. தொப்பி, போஸ்டர் எல்லாம் வேண்டாம். நானூறு ரூபாய்க்கு நான் வாங்கின டிரம்ஸைத் திருப்பிக் கொடுங்க, போதும்.

சில பேருக்கு இது பணக்காரப் புலம்பலாத் தெரியலாம். இருக்கட்டும். ஆனா எனக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பு கம்மி. வருஷத்துக்கு வருஷம் குறையுமே தவிர ஏறாது. சிம்பலோட நுனி, என் பொண்ணு பேச்சில் வர்ற 'ஸ்', எல்லாம் அந்தப் பக்கம்தான். இருக்கிற கொஞ்சத்தில் அந்த ஆல்பத்தை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டுடணும்னு ஆசைப்படறேன். அவ்ளோதான்.

பஸ் கதையை முடிக்கலை இல்ல? எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தப் பையன், "அப்ப இதைக் கேக்கவே கூடாதாண்ணா?" என்றான்.

"கேளு. நல்லாக் கேளு. வால்யூமை மட்டும் பாதிக்குக் கொண்டுவா" என்றேன். அப்புறம் பையில் இருந்து ஒரு ஜோடி மஞ்சள் பிளக்கை எடுத்துக் கொடுத்தேன். "நாளைக்கு லைனில் நிக்கும்போது இதைப் போட்டுக்கோ."

"எல்லாரும் சிரிப்பாங்கண்ணா."

"சிரிக்கறது உனக்குக் கேக்காதுடா."

பி.கு: மறுநாள் ஷிப்டில் எட்டிப் பார்த்தேன். போட்டிருந்தான். ஒரு காதில் மட்டும். இன்னொரு காதில் என்ன ஓடிக்கிட்டிருந்ததுன்னு நான் கேட்கலை :-)